குழந்தை பொய் சொல்லாதா? கதைகளில் வரும் ‘கள்ளங்கபடம் அறியாத’ பிள்ளைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறேன். எட்டு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை இருபது பேராவது வந்து பாயில் உட்கார்ந்துவிடுவார்கள். புதிதாகச் சிறுகதை எழுதுகிறவர்களும் படித்துப் பார்க்கச் சொல்லித் தங்கள் பிரதிகளை எனக்கு அனுப்புகிறார்கள். அந்தப் பிரதிகளில் வரும் குழந்தைகளுக்கும் என் எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

குழந்தை என்றாலே கள்ளங்கபடம் இல்லாததுதானே? இதில் பேச என்ன இருக்கிறது?

என் அக்காவின் பேத்திக்கு நாலு வயது. ஒருநாள் சமையலறையில் வெல்ல டப்பா திறந்து கிடந்தது. அவள் உதட்டோரம் முழுக்கப் பிசுபிசுப்பு. “யாரும்மா எடுத்தது?” என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னாள்: “எறும்பு.” அக்கா முறைத்ததும் உடனே சேர்த்துக்கொண்டாள்: “பாவம் பாட்டி, அதுக்கு ரொம்பப் பசி. அதை அடிக்காத.”

அந்த நாலு சொல்லுக்குள் பொய் இருக்கிறது, தப்பிக்கும் சாமர்த்தியம் இருக்கிறது, இல்லாத எறும்பின் மேல் நிஜமான இரக்கமும் இருக்கிறது. மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. இதில் எதை வடிகட்டி எடுத்து ‘தூய்மை’ என்று பெயர் வைப்பது?

நாம் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். குழந்தைக்கு உலக அனுபவம் குறைவு என்பது உண்மை. அது செய்யும் தப்புக்கு நாம் பெரியவர்களைப் போலப் பொறுப்புச் சுமத்துவதில்லை என்பதும் சரி. ஆனால் அதன் மனத்தில் பொறாமை, பயம், ஆசை, வன்மம் எதுவுமே இல்லை என்பது வேறு கூற்று. முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டால் மூன்றாவதும் தானாக வந்துவிடும் என்று கதை எழுதுகிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

அன்பால் அப்படி எழுதுகிறார்கள். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

குழந்தைக்குத்தான் நஷ்டம். கதைக்குள் அது ஆளாகவே இருப்பதில்லை. எனக்கு வரும் பிரதிகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். அப்பா குடித்துவிட்டு வருகிறார், அம்மாவை அடிக்கிறார். மூலையில் நிற்கும் பாப்பா ஒரு வரி பேசுகிறாள், “அப்பா, சாமி பாத்துட்டு இருக்காருப்பா” என்பது போல. அப்பா சிலையாகிறார், கண் கலங்குகிறார், திருந்துகிறார். கதை முடிகிறது.

அந்தப் பாப்பா அன்று சாப்பிட்டாளா? அடிச் சத்தம் கேட்கும்போது எங்கே போய் ஒளிவாள்? மறுநாள் பள்ளிக்கூடத்தில் யாரையாவது கிள்ளி வைத்தாளா? எழுதியவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அவருக்கு வேண்டியது அப்பா திருந்துவதற்கு ஒரு பொத்தான். குழந்தை அந்தப் பொத்தானாகிவிட்டது.

இந்தப் பிம்பம் தமிழில் ஆதியிலிருந்தே இருக்கிறது அல்லவா? ‘குழந்தையும் தெய்வமும்’ என்று சொல்கிறோமே?

பழமொழியை முழுதாகச் சொல்லிப் பாருங்கள். ‘குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில்.’ யார் சீராட்டுகிறார்களோ அவர்கள் பக்கம் இரண்டும் போய்விடும் என்று அர்த்தம். இதில் தூய்மை பற்றி ஒரு சொல் கூட இல்லை. 1965இல் வந்த ‘குழந்தையும் தெய்வமும்’ படத்தின் பாட்டில்தான் இரண்டும் ‘குணத்தால் ஒன்று’ ஆகின்றன. பழமொழி குழந்தையின் போக்கைச் சொன்னது, பாட்டு அதற்கு ஒரு குணச் சான்றிதழ் கொடுத்தது. இன்றைக்கு நம் காதில் நிற்பது பாட்டுதான்.

பழைய இலக்கியத்தைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. புறநானூற்றின் 188ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடை நம்பி பாடியது. குழந்தை குறுகுறுவென்று நடந்து வருகிறது, சிறு கையை நீட்டுகிறது. ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’ நெய்ச்சோற்றை மேலெல்லாம் அப்பிக்கொள்கிறது. இந்தப் பிள்ளை இல்லாதவருக்கு வாழ்ந்த பயன் இல்லை என்று அரசன் சொல்கிறான். அவன் பாராட்டுவது குழந்தையின் தூய்மையை அல்ல. அது சோற்றைப் பாழாக்கும் அழகை. நாலு வினைச்சொல் போட்டு அந்தக் கையைப் பின்தொடர்ந்து போயிருக்கிறான். திருக்குறளில் அமிழ்தை விட இனிது என்று சொல்லப்படுவதும் பிள்ளையின் சிறுகை அளாவிய கூழ்தான்.

கலித்தொகையின் 51ஆம் பாட்டில் ஒரு பையன் வருகிறான். தெருவில் பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டைக் காலால் உதைத்துக் கலைத்தவன், தலையில் சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியவன். பாட்டு அவனைச் ‘சிறுபட்டி’ என்கிறது. கட்டுக்கடங்காமல் மேயும் பட்டி மாட்டுக்குச் சொல்லும் சொல். ஏசுவது போலிருக்கும் அந்தச் சொல்லில்தான் எவ்வளவு வாஞ்சை!

பெரியாழ்வாரிடம் வந்தால் உச்சம். வீடு வீடாக வெண்ணெய் திருடுகிறவன்தான் அவர் கொஞ்சும் பிள்ளை. பக்கத்து வீட்டுப் பெண்கள் யசோதையிடம் வந்து புகார் சொல்வதற்கென்றே பாசுரங்கள் இருக்கின்றன. ‘வெண்ணெய் விழுங்கி வெறுங் கலத்தை வெற்பிடை இட்டு அதன் ஓசை கேட்கும்’ கண்ணன் என்கிறார். திருடினான், தின்றான், காலிப் பானையைப் பாறையில் போட்டு உடைத்தான், அது உடையும் சத்தத்தை நின்று கேட்கவும் செய்தான். அந்தக் கடைசி வினை குழந்தையை அருகில் இருந்து பார்த்தவருக்கு மட்டுமே வரும். கடவுளையே குழந்தையாகப் பாடும்போதும் அவனை நல்ல பிள்ளையாக்க ஆழ்வாருக்குத் தோன்றவில்லை.

ஆக, தமிழில் கொண்டாடப்பட்ட குழந்தை குறும்பும் திருட்டும் உள்ள குழந்தை. வெள்ளைச் சட்டை போட்டுக் கைகூப்பி நிற்கும் குழந்தை பின்னால் வந்தது.

அது எங்கிருந்து வந்தது?

எல்லாவற்றையும் மேற்கின் தலையில் கட்டிவிட எனக்கு மனமில்லை. ஆனால் ஐரோப்பாவில் இந்த எண்ணம் உருவான வழி தெளிவாகத் தெரிகிறது. கிறித்தவத்தின் பழைய மரபில் குழந்தை பிறக்கும்போதே பாவத்தோடு பிறக்கிறது. பால் குடிக்கும் சிசுவிடமே பொறாமையைக் கண்டதாகப் புனித அகஸ்தீன் எழுதியிருக்கிறார். இதற்கு நேர் எதிராக, மனிதன் இயற்கையில் நல்லவன், சமூகம்தான் கெடுக்கிறது என்று ரூசோ 1762இல் வந்த ‘எமில்’ நூலில் வாதிட்டார். அடுத்த தலைமுறைக் கவிஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் வில்லியம் பிளேக் 1789இல் குழந்தைமையின் களங்கமின்மையைப் பாடினார். ஆனால் 1794இல் அதற்கு எதிர்ப்பாட்டாக அனுபவத்தின் பாடல்களையும் சேர்த்து வெளியிட்டார் என்பதை மறந்துவிடக்கூடாது. புகைபோக்கி துடைக்கும் சிறுவன் அவருடைய இரண்டு தொகுதியிலும் வருகிறான். பின்னால் வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டன.

நாம் சாதாரணமாக ‘வெகுளி’ என்கிறோமே, அது தவறான சொல்லா?

தவறில்லை, சொல்லுக்குப் பொருள் மாறிவிட்டது. குறளில் வெகுளி என்றால் கோபம். ‘வெகுளாமை’ என்று ஓர் அதிகாரமே உண்டு. இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். சட்டென்று கோபப்பட்டு அடுத்த நிமிடம் மறந்துவிடும் ஆளை நினைத்துக்கொண்டால் இரண்டு பொருளுக்கும் நடுவே ஒரு பாலம் தெரிகிறது. இது என் ஊகம்தான், அகராதிக்காரர்கள் திருத்தலாம். குழந்தைக்கு இரண்டு பொருளும் பொருந்தும் என்பதால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

அப்படியானால் குழந்தைகளைக் கெட்டவர்களாகக் காட்ட வேண்டும் என்கிறீர்களா?

இல்லை. கெட்ட குழந்தையும் அதே அட்டைப் பொம்மையின் மறுபக்கம்தான். எனக்கு வேண்டியது முழுக் குழந்தை. அதற்கு நான் எப்போதும் காட்டும் கதை சுந்தர ராமசாமியின் ‘ஸ்டாம்பு ஆல்பம்’.

படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ராஜப்பா தேனீ மாதிரி அலைந்து தபால்தலை சேர்த்தவன். வகுப்பில் அவன் ஆல்பத்துக்குத்தான் மவுசு. நாகராஜனுக்குச் சிங்கப்பூரிலிருந்து மாமா ஓர் ஆல்பம் அனுப்பியதும் எல்லாரும் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். ராஜப்பா புழுங்குகிறான். நாகராஜன் இல்லாத நேரம் பார்த்து அந்த ஆல்பத்தைத் திருடிக்கொண்டு வந்துவிடுகிறான். பிறகு மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்தில் அதை அடுப்பில் போட்டு எரித்துவிடுகிறான். கடைசியில், அழுதுகொண்டிருக்கும் நாகராஜனிடம் தன் ஆல்பத்தையே கொடுத்துவிடுகிறான்.

இதை நூலகத்தில் வாசித்த அன்று, எரிக்கும் இடம் வந்ததும் பாயில் சத்தமே இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை பாயின் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கதை முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: “சார், அவன் எரிச்சதைக் கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே?” இன்னொருவன் பாய்ந்தான்: “சொன்னா அடி விழும்டா.” மூன்றாவது ஒருத்தி யோசித்துச் சொன்னாள்: “அதான் தன்னோடத குடுத்துட்டான்ல. அதுதான் சொல்ற மாதிரி.” கோரை பிய்த்த பெண் பேசவே இல்லை. எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, ஒருமுறை தான் ஒரு பேனாவை எடுத்துப் பள்ளிக்கூடக் கிணற்றில் போட்டதாகச் சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

பொறாமை, திருட்டு, நாசம், பயம், பரிகாரம் எல்லாம் அந்தக் கதையில் ஒரு பையனுக்குள் நடக்கின்றன. பெரியவர் யாரும் வந்து அவனுக்குப் புத்தி சொல்வதில்லை, அவனும் குற்றத்தை ஒப்புக்கொள்வதில்லை. அவன் கொடுக்கும் ஆல்பத்துக்கு மதிப்பு வருவதே அவன் செய்த காரியத்தால்தான். தூய்மையான பையன் ஒருவன் தன் ஆல்பத்தைத் தூக்கிக் கொடுத்திருந்தால் அது தர்மம். ராஜப்பா கொடுப்பது தன் உயிரில் ஒரு பாதி.

கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் இப்படித்தான் படிக்கிறேன். ஏழை வீட்டுப் பிள்ளைகளும் பணக்கார வீட்டு ராமசாமியும் ‘என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா’ என்று ஓயாமல் போட்டி போடுகிறார்கள். தீபாவளிக்கு முந்தைய இரவு அநாதைப் பையன் ஒருவன் ஏழை வீட்டுக்கு வருகிறான். அவன் பெயர் ராஜா. அந்த வீட்டம்மா அவனைக் குளிப்பாட்டித் தன் பிள்ளைகளில் ஒருவனாகப் பார்த்துக்கொள்கிறாள், தன் கணவனுக்கென்று வைத்திருந்த துண்டைக் கட்டிக்கொள்ளக் கொடுக்கிறாள். மறுநாள் ராமசாமி, ஜமீனிலிருந்து தன் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்கிறான். ஏழை வீட்டுச் சிறுமி மங்கம்மாள் திருப்பிச் சொல்கிறாள்: எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான்.

நம் கண்ணில் நீர் வருகிறது. ஆனால் மங்கம்மாள் அங்கே கருணை பேசவில்லை. அவள் சண்டையில் ஜெயிக்கிறாள். கதையின் மகத்தான வரி ஒரு சிறுமியின் பெருமையடிப்பு! அதைப் பெருமையடிப்பாகவே விட்டுவைத்த அழகிரிசாமியின் கையை நான் வணங்குகிறேன்.

நல்ல மனம் மட்டுமே உள்ள குழந்தை கதையில் வரவே கூடாதா? தி. ஜானகிராமனின் ‘சிலிர்ப்பு’ உங்களுக்குப் பிடிக்காதா?

மிகவும் பிடிக்கும். அப்பாவோடு ரயிலில் போகிற சிறுவன், ஆசையாகக் கையில் வைத்துக்கொண்டே வந்த ஆரஞ்சுப் பழத்தை, வீட்டு வேலைக்காகக் கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்லப்படும் ஒரு சிறுமிக்குக் கொடுக்கிறான். அப்பாவுக்கு உடம்பு சிலிர்க்கிறது. படிக்கிற நமக்கும் சிலிர்க்கிறது. குழந்தை அப்படிக் கொடுக்கும், நான் பார்த்திருக்கிறேன். அதில் பொய் இல்லை.

ஆனால் அந்தக் கதையில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். வாசகர்கள் பையனைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது பத்து போலத்தான் இருக்கும். யார் வீட்டிலோ வேலை செய்து வளர்ந்தவள், இன்னும் தூரத்து ஊருக்குப் போகிறாள், அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அவளுடைய அடக்கத்தையும் பக்குவத்தையும் பெட்டியில் இருக்கும் எல்லாரும் வியக்கிறார்கள். ஒரு குழந்தை குழந்தையாக இருப்பதற்காக வியக்கப்படுகிறது, இன்னொரு குழந்தை குழந்தையாக இல்லாமல் இருப்பதற்காக வியக்கப்படுகிறது. ஜானகிராமன் இருவரையும் ஒரே பெட்டியில் எதிரெதிரே உட்கார வைத்திருக்கிறார். ஆரஞ்சுப் பழம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போது எனக்குச் சிலிர்ப்போடு ஒரு நடுக்கமும் வருகிறது.

அதாவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ‘களங்கமின்மை’ சமமாகக் கிடைப்பதில்லை?

கிடைப்பதே இல்லை. 1852இல் ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதிய ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் ஈவா என்ற வெள்ளைக்காரச் சிறுமி தேவதை மாதிரி வருகிறாள். அதே வீட்டில் டாப்ஸி என்ற கறுப்பு அடிமைச் சிறுமி. அவள் திருடுகிறாள், பொய் சொல்கிறாள், ‘நான் கெட்டவள்’ என்று தானே சொல்லிக்கொள்கிறாள். ஈவாவின் அன்பு பட்ட பிறகுதான் அவள் மனம் மாறத் தொடங்குகிறது. அடிமைமுறையை எதிர்த்து எழுதப்பட்ட நாவலிலேயே தூய்மை ஒரு தோலின் நிறத்துக்குச் சொந்தமாகிவிட்டது.

நம் பக்கத்தில் நிறத்தின் வேலையைச் சாதியும் கூலியும் செய்கின்றன. வசதியான வீட்டுப் பையன் மாங்காய் பறித்தால் குறும்பு. சேரிப் பையன் பறித்தால் திருட்டு. இந்த இரண்டு சொற்களையும் ஒரே பத்திரிகையில், ஏன், ஒரே கதையில்கூடப் பார்க்கலாம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்த தன்வரலாறு. புனைகதை இல்லை என்றாலும் இந்தக் கேள்விக்கு அதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் விட்டு வரும் சிறுமி தெருவில் ஒரு காட்சி பார்க்கிறாள். அவள் தெருக்காரப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு, அதனால்தான் அப்படி என்று விளக்குகிறார். அந்தக் கணத்தில் ஒரு சிரிப்பு நிற்கிறது. ஒரு தெருப் பிள்ளைகளுக்கு அறியாமல் இருக்கும் காலம் இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இன்னொரு தெருவில் பிள்ளைகள் கல்லூரி முடிக்கும் வரைகூட ‘எங்களுக்குச் சாதியே தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடிகிறது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யில் ஆடு மேய்க்கும் பிள்ளைகள் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டவர்கள். விளையாடுகிறார்கள், கூடுகிறார்கள், பிரிகிறார்கள், அடி வாங்குகிறார்கள். பூமணியின் ‘வெக்கை’ (1982) ஒரு பதினைந்து வயதுப் பையன் அரிவாளால் வெட்டுவதில் தொடங்குகிறது. அவனைத் தூய்மையானவன் என்றோ கொடியவன் என்றோ பூமணி எங்கும் சொல்வதில்லை. அப்பாவும் மகனும் காட்டில் ஒளிந்து திரிகிற நாட்களை மட்டும் நமக்குக் காட்டுகிறார். பசிக்குக் காய்கனி தேடும்போது அவன் சின்னப் பிள்ளையாகிவிடுகிறான்.

தூய்மையான குழந்தைகள் கதை முடிவில் ஏன் அடிக்கடி செத்துப்போகிறார்கள்?

வளர முடியாததால். தேவதையாகப் படைத்த குழந்தைக்குப் பதினாலு வயதானால் எழுத்தாளர் என்ன செய்வார்? டிக்கன்ஸின் நாவலில் வரும் நெல் என்ற சிறுமி 1841இல் செத்தாள், ஸ்டோவின் ஈவா செத்தாள், 1990இல் மணிரத்னத்தின் அஞ்சலி செத்தாள். சாவு அவர்களை அப்படியே பதப்படுத்திவிடுகிறது.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையிலும் ஒரு கைக்குழந்தை இறக்கிறது. ஆனால் அங்கே குழந்தை தேவதை என்பதால் சாகவில்லை. தீர்வை பாக்கிக்காகத் தலையாரி வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்; கதவில்லாத வீட்டில் வாடைக்காற்று புகுந்தது. மூத்த பிள்ளைகள் அதற்கு முன்பு அந்தக் கதவில் ஏறிப் பஸ் ஓட்டியிருக்கிறார்கள், தீப்பெட்டிப் படம் ஒட்டியிருக்கிறார்கள். பிறகு ஒருநாள் ஊர்ச் சாவடியில் கிடக்கும் தங்கள் கதவைக் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். காரணத்தைச் சொல்லி எழுதிய சாவுக்கும் அழகுக்காக எழுதிய சாவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது.

சினிமாவில் நிலைமை மாறியிருக்கிறதா?

ஓரளவு. 2009இல் வந்த ‘பசங்க’ படத்துப் பிள்ளைகள் கோஷ்டி சேர்த்துச் சண்டை போட்டார்கள். 2015இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’யின் அண்ணனும் தம்பியும் தண்டவாளத்தில் விழும் நிலக்கரியைப் பொறுக்கி விற்கிறார்கள், வீட்டில் பொய் சொல்கிறார்கள், பீட்சாவுக்குக் காசு சேர்க்கத் திட்டம் போடுகிறார்கள். ஆனாலும் அவர்களைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ என்று சொல்ல ஓர் இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அது பெரிய சாதனை.

குழந்தையின் தூய்மையை வலியுறுத்தினால்தானே அதற்கு எதிரான வன்முறையைச் சமூகம் கண்டிக்கும்?

இந்தக் கேள்வியை நல்ல மனத்தோடு கேட்கிறார்கள். எனக்கு இதில்தான் அதிகக் கவலை. குழந்தையின் மதிப்பு அதன் தூய்மையில் இருக்கிறது என்று சொல்லி வளர்த்தால், வன்முறைக்கு ஆளான குழந்தையிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று சொல்வீர்கள்? செய்தித்தாள்கள் இன்றும் ‘சிறுமியைச் சீரழித்த’ என்று எழுதுகின்றன. கதைகளில் ‘மலர் கசங்கியது’ என்று வருகிறது. சீர் அழிந்தது யாருக்கு? குற்றம் செய்தவனுக்கல்லவா? அந்தப் பிள்ளை அப்படியே முழுசாகத்தான் இருக்கிறாள். வலியோடு, கோபத்தோடு, நாளைக்கு எழுத வேண்டிய கணக்குப் பரீட்சையோடு இருக்கிறாள்.

இன்னொன்று. கதைகள் காட்டும் பாதிக்கப்பட்ட குழந்தை எப்போதும் சாதுவானது, வாய் பேசாதது. நிஜத்தில் எதிர்த்துப் பேசுகிற, ஊர் சுற்றுகிற, ஏற்கெனவே சில பொய்கள் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை வந்து தனக்கு நடந்ததைச் சொன்னால், ‘இது எப்பவுமே இப்படித்தான்’ என்று தள்ளிவிடுகிறார்கள். நல்ல பிள்ளையாக இருந்தால்தான் நம்புவோம் என்பது எவ்வளவு கொடுமை! போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாரையும் அது குழந்தை என்கிறது. நல்ல குழந்தை, கெட்ட குழந்தை என்று சட்டம் பிரிக்கவில்லை. கதைகளும் பிரிக்கக்கூடாது.

இதே இடத்தில் புறநானூற்றின் 46ஆம் பாட்டைச் சொல்லியாக வேண்டும். மலையமான் என்ற குறுநில மன்னனின் பிள்ளைகளை யானைக் காலில் இட்டுக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் துணிந்து நிற்கிறான். கோவூர் கிழார் குறுக்கே வந்து பாடுகிறார். நீ புறாவின் துயரைத் தீர்த்தவன் வழியில் வந்தவன், இவர்கள் புலவர்க்குப் பகுத்துக் கொடுத்து உண்டவரின் வழியில் வந்தவர்கள் என்று குலத்தைச் சொல்கிறார். பிறகு பிள்ளைகளைக் காட்டுகிறார். யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். பிறகு சுற்றியிருக்கும் மன்றத்தைப் பார்த்து மருண்டு, இதுவரை அறியாத புதுத் துன்பத்தில் நிற்கிறார்கள். அவ்வளவுதான். பூ, தெய்வம், பளிங்கு ஒன்றும் இல்லை. தங்களைக் கொல்ல வந்த யானையை வேடிக்கை பார்க்கும் கண்களை அரசனுக்குக் காட்டினார். ‘கேட்டாய் அல்லவா, இனி உன் விருப்பம்’ என்று முடித்துவிட்டார்.

நான் குழந்தை வரும் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்குவது?

முதலில் மழலையை வெட்டுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ‘அப்பா, கதவுள் எங்கே இதுக்காது’ என்று பேசாது. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்டு வாங்கும் வயது அது.

பிறகு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். பேச்சில் பாதி சட்டம் பற்றித்தான் இருக்கும். யார் அவுட், யார் அழுகுணி ஆட்டம் ஆடுகிறான், யாரை ஆட்டைக்குச் சேர்க்கக்கூடாது, யார் யாரோடு காய் விட்டிருக்கிறார்கள், யார் போய்ப் பழம் விடப் பேசுவது. ‘ஒப்புக்குச் சப்பாணி’யைக் கவனியுங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளையையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அது அவுட்டானாலும் கணக்கில்லை. அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது, அதுவும் உயிரைக் கொடுத்து ஓடும். அதை அழவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள், அதே சமயம் ஏமாற்றவும் செய்கிறார்கள். ஒரு நாள் அதற்கு விஷயம் தெரிந்துவிடும். அந்த நாளை எழுதுங்கள்.

பெரியவர்களைத் திருத்தும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். அதற்கென்று ஓர் ஆசையைக் கொடுங்கள், பெரியவர்களுக்குத் தெரியாமல் அது ஒளித்து வைத்திருக்கும் ஒரு பொருளைக் கொடுங்கள்.

இந்த மாதிரிக் கதைகளைக் குழந்தைகளுக்கே படிக்கக் கொடுக்கலாமா? மனம் கெட்டுவிடாதா?

சென்ற மாதம் கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை வாசித்தேன். அந்தத் தலைப்பில் வந்த தொகுப்புக்குத்தான் அவருக்கு 1970இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. கதை சொல்கிறவர் தெருப் பிள்ளைகளிடம் பிரியமாகப் பழகுகிறவர். வேறு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கனுக்குக் கொடுக்கவில்லை. சாரங்கன் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, ‘என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு’ என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறான்.

வாசித்து முடித்தேன். யாரும் அழவில்லை. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கொஞ்சம் கோபமாகவே கேட்டான்: “அந்த மாமா எழுதிக் குடுத்தாரா, இல்லையா?” எழுதிக் கொடுத்தார் என்றேன். “மத்த பசங்களோட டைரியும் இவனோட டைரியும் ஒரே மாதிரி இருந்துச்சா?” என்று அடுத்த கேள்வி. கதையைத் திருப்பிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் பக்கத்தைப் புரட்டி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.